கோல்டா, எச்.பி.5-ஆ? செங்கோட்டைப் பக்கம் ஃபிலிம் போடுகிறவர்களுக்கு

தென்காசி, செங்கோட்டை, புளியரை, மலை ஏறினால் ஆரியங்காவு, தென்மலை. இந்த வழியில் ஃபிலிம் கேமராவோடு சுற்றுகிறவர்கள் ரோல் வாங்கும்போது கடைசியில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்தான் நிற்பார்கள்: கலரில் கோடாக் கோல்டு 200, கறுப்பு-வெள்ளையில் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ். நான் எச்.பி.5 பக்கம் போய்விட்டவன், அதனால் நடுநிலையான தீர்ப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஸ்லைடு ஃபிலிமை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதைப் பற்றிப் பேசும் அளவுக்கு எனக்குக் கை பழகவில்லை.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோல்டு 200 பகல் வெளிச்சத்துக்கான கலர் நெகட்டிவ், சி-41 என்ற கலர் ரசாயன முறையில் கழுவ (டெவலப் செய்ய) வேண்டும். தோல் நிறமும் மாலை வெயிலும் கொஞ்சம் மஞ்சள் சூட்டோடு வரும். எச்.பி.5 பிளஸ் 400 வேகம் கொண்டது, 1989-இலிருந்து வருகிறது. கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளி) தெரியும், ஆனால் உறுத்தாது. ரோல் விலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், உண்மையான செலவு ரோல் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

கலர் ஜெயிக்கும் இடங்களை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்கு எச்.பி.5 போட்டுக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. ஓணத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் போடும் பூக்களமும் அப்படித்தான். சிவப்புப் பூவும் பச்சை இலையும் கறுப்பு-வெள்ளையில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடும். புளியரை வயலில் நாற்று, வாழை, பின்னால் மலைக்காடு என்று மூன்று பச்சையையும் கோல்டு பிரித்துக் காட்டும், ஃபில்டர் இல்லாத எச்.பி.5 ஒன்றாக்கிவிடும்.

கோல்டைக் குறைவான வெளிச்சத்தில் எடுக்காமல் இருந்தால் போதும். வெளிச்சம் கூடினால் இரண்டு ஸ்டாப் வரை தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). குறைந்தால் ஒரு ஸ்டாப்பிலேயே நிழல் பகுதி சேறாகி, கிரெய்ன் பச்சையும் பழுப்புமாகப் பொங்கும். மீட்டரில் ஃபிலிம் வேகத்தை 200-க்குப் பதில் 125-இல் வைத்துவிடுவது நல்ல பழக்கம். உச்சி வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் 1/250 வைத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

பிரச்சினை, இந்த ஊரில் படம் எடுக்கத் தோன்றும் நேரத்தில் வெயில் இருப்பதில்லை. குற்றால சீசனில் சாரலும் மேகமும்தான். பாலருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் மரங்களுக்கு அடியில் 200 ஃபிலிமுக்கு எஃப் 2.8-இல் 1/30 கிடைத்தாலே பெரிது. எச்.பி.5-க்கு அதே இடத்தில் 1/60. 1600-க்குத் தள்ளினால், அதாவது 1600 வேகம் என்று எடுத்துக் கழுவும் நேரத்தைக் கூட்டினால், 1/250, நடந்து வருகிறவரைக்கூட அசையாமல் பிடிக்கலாம். கோல்டையும் தள்ளலாம்தான், ஆனால் மூன்று நிற அடுக்குகளும் சமமாக ஏறாது, நிழலில் நிறம் திரியும். எச்.பி.5-இல் ஏறுவது காண்ட்ராஸ்டும் கிரெய்னும் மட்டும்.

அருவியைப் பஞ்சாக்க நீண்ட எக்ஸ்போஷர் வேண்டுமென்றால் எச்.பி.5-க்கு ஒரு கணக்கு உண்டு. மீட்டர் காட்டும் வினாடியை 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 2 வினாடி என்றால் 2.5, 4 என்றால் 6, 10 என்றால் 20. கைப்பேசிக் கால்குலேட்டரே போதும். பச்சையைப் பிரிக்க மஞ்சள்-பச்சை ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஸ்டாப்தான் தின்னும். ஆரஞ்சு இரண்டு ஸ்டாப் தின்னும், மலைமேல் நிற்கும் மேகத்தைத் தூக்கிக் காட்டும், ஆனால் இலையைக் கறுக்க வைக்கும். சிவப்பு ஃபில்டருக்கு இங்கே வேலை குறைவு.

இவ்வளவும் ரசனை சார்ந்தது, யாரும் எதிர்த்துப் பேசலாம். நான் எச்.பி.5 பக்கம் போனதற்குக் காரணம் வேறு: கழுவுவது.

ஒரு காலத்தில் எந்த டவுனிலும் கலர் லேப் இருந்தது. இன்று ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் ரோலை நீட்டினால் ஒரு சிரிப்புதான் கிடைக்கும். கல்யாண ஆல்பம் அடிக்கும் மெஷின் இருக்கும், நெகட்டிவ் கழுவும் மெஷின் இருக்காது. ரோலைப் பெருநகர லேபுக்கு கூரியரில் அனுப்ப வேண்டும். ஒரு ரோலுக்காக யாரும் அனுப்புவதில்லை, நாலைந்து சேரட்டும் என்று காத்திருப்பார்கள். எடுத்து முடித்த கலர் ரோல் சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் மூன்று அடுக்கும் மூன்று விதமாகக் கெடும். நிழல் பகுதியில் ஒரு நிறமும் வெளிச்சப் பகுதியில் வேறொரு நிறமும் ஏறிவிட்டால் ஸ்கேனில் எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது.

சி-41-ஐ வீட்டிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் 3 நிமிடம் 15 வினாடி, 37.8 டிகிரி. நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருப்பதால் அந்த டிகிரிக்கு ஏற்றுவது குளிர்நாட்டுக்காரர்களைவிட நமக்குச் சுலபம் என்பதும் உண்மை. ஆனால் அதிகாரபூர்வமாக அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 0.15 டிகிரி, நேரமோ மூன்றேகால் நிமிடம். ஊற்றி வடிப்பதில் பத்து வினாடி தவறினாலும் நெகட்டிவில் தெரியலாம். கலந்த ரசாயனக் கிட்டும் சில வாரங்களுக்குத்தான் நம்பகமாக இருக்கும், எட்டு ரோல் கையில் இருந்தால்தான் பிரிக்கவே மனசு வரும். சூட்டில் அந்த ஆயுள் எவ்வளவு குறைகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நான் கிட் ஓட்டியதில்லை.

கறுப்பு-வெள்ளையில் தவறினால் நெகட்டிவ் கொஞ்சம் தடித்தோ மெலிந்தோ வரும், அவ்வளவுதான். படம் பிழைத்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே மற்றதை எல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இனி நம் தண்ணீருக்கு ஏற்ற கணக்கு. எச்.பி.5 பெட்டியிலும் தாளிலும் போட்டிருக்கும் நேரம் 20 டிகிரிக்கு: ஐ.டி-11 என்ற இல்ஃபோர்டு டெவலப்பரின், மேலும் தண்ணீர் சேர்க்காத மூலக் கரைசலில் ஏழரை நிமிடம், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால் 13, ஒன்றுக்கு மூன்று சேர்த்தால் 20. நம் குழாயில் 20 டிகிரி வராது. சாரல் காலத்து விடியற்காலையிலேயே இருபத்தைந்தைத் தாண்டும், சித்திரை மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தாண்டிவிடும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் நேரத்தை ஏறத்தாழ 9 சதவீதம் குறைக்க வேண்டும். 24 டிகிரியில் 13 நிமிடம் 9 ஆகும், 27-இல் ஆறரை.

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. மூலக் கரைசலை 27 டிகிரியில் அப்படியே ஊற்றினால் நேரம் நாலு நிமிடத்துக்குக் கீழே போய்விடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் ஊற்றி முடிப்பதற்குள் ஒரு பகுதி முந்திக்கொள்ளும். வானத்தில் பட்டைப் பட்டையாகவும், ஓரத் துளைகளுக்கு நேராகக் கோடு கோடாகவும் தெரியும். ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டுவதைவிட டெவலப்பரை மெலிதாக்குவது புத்திசாலித்தனம். ஒன்றுக்கு மூன்று கலந்து 28 டிகிரியில் சுமார் ஒன்பதரை நிமிடம். ஒரே நிபந்தனை, ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 மி.லி. மூலக் கரைசல் உள்ளே இருக்க வேண்டும். ஃபிலிமை ரீலில் சுற்றி உள்ளே வைத்துக் கழுவும் ஒற்றை ரோல் டேங்க் சுமார் 300 மி.லி.தான் கொள்ளும், அதில் மூலக் கரைசல் 75-தான் வரும். இரண்டு ரீல் டேங்கில் ஒரு ரீலைக் காலியாக விட்டு 125 மி.லி. மூலம், 375 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். ஃபிலிம் இருக்கும் ரீல் அடியில் இருக்கட்டும். பயன்படுத்தியதைக் கொட்டிவிடுங்கள்.

தள்ளி எடுத்த ரோலுக்குச் சூடு உதவியே செய்கிறது. 1600-க்கு மூலக் கரைசலில் 20 டிகிரியில் 14 நிமிடம், 27 டிகிரியில் ஏழு. மெலிதாக்காமல் அப்படியே ஊற்றலாம்.

கலக்குவது: தொடக்கத்தில் பத்து வினாடிக்குள் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் அதே போல. ஒவ்வொரு முறையும் டேங்கைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழ் விலகும். டெவலப்பர் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்குப் பலசரக்குக் கடை வினிகரை ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் கலந்தால் போதும். ஹைப்போவில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) எவ்வளவு நேரம் என்பதை ஊகிக்காதீர்கள். ஃபிலிமின் முனையில் வெட்டிய துண்டை ஹைப்போவில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை வினாடி என்று பாருங்கள், அதைப்போல இரண்டு மடங்கு. கடைசியாகத் தண்ணீரில் அலச, டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, பிறகு 20 முறை. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

எல்லாக் கரைசலும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். டெவலப்பரைச் சிரமப்பட்டு 22-க்கு இறக்கிவிட்டு, 31 டிகிரி குழாய்த் தண்ணீரில் கழுவுவதுதான் மிகப் பெரிய தப்பு. எல்லாமே 27-இல் இருப்பது அதைவிட மேல். பாட்டில்களை முந்தின இரவே ஒரே பக்கெட் தண்ணீரில் நிறுத்திவிட்டால் காலையில் அவையே சமமாகிவிடும்.

ஈரம் செய்யும் வேலைகள் தனி. வெளிச்சம் புகாமல் ஃபிலிமை ரீலில் ஏற்றும் சேஞ்சிங் பேக்குக்குள் கை பத்து நிமிடம் இருந்தால் வியர்வை ஆவியாகிப் பிளாஸ்டிக் ரீலில் படியும், ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. பலவந்தமாகத் தள்ளினால் மடங்கி, பிறை வடிவக் கறை விழும். ரீலை முந்தின நாளே வெயிலில் காய வையுங்கள், முனையின் இரண்டு மூலையையும் லேசாக வெட்டி விடுங்கள். பையை விட்டுவிட்டு இரவில் ஜன்னல் அடைத்த அறையில் ஏற்றுவது இன்னும் நல்லது. போர் தண்ணீர் என்றால் உப்புத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் வெட்டிங் ஏஜென்ட் (நீர் திட்டாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) இரண்டு சொட்டு. சாரல் காலத்தில் காய இரட்டிப்பு நேரம் ஆகும், அவசரப்பட்டு ஃபேன் போட்டால் தூசியை நாமே ஒட்டியதாகிவிடும்.

டெவலப்பர் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. ஐ.டி-11, கோடாக்கின் டி-76 டெவலப்பர் இரண்டுக்கும் செய்முறை ஒன்றுதான்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. ஐம்பது டிகிரி அளவுள்ள முக்கால் லிட்டர் தண்ணீரில், ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டபின் மெட்டால், அது கரைந்த பிறகு மற்றவை வரிசையாக, கடைசியில் தண்ணீர் விட்டு லிட்டராக்குங்கள். லேப் கெமிக்கல் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரவைக்கும், கையுறை கட்டாயம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கும், கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கலரில் இப்படிச் சொந்தமாகக் கலந்து பிழைக்கும் வசதி நடைமுறையில் இல்லை.

எச்.பி.5 விலை உறைக்கிறது என்றால் ஃபோமாபான் 400 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம் இருக்கிறது. ஆனால் அதை 200 என்று நினைத்து எடுங்கள், 400-இல் நிழல் காலி. அருவிக்கு அது வேண்டாம்: மீட்டர் 10 வினாடி காட்டினால் அது கேட்பது ஆறு மடங்கு. எமல்ஷனும் மென்மை, சூடான தண்ணீரில் நகம் பட்டால் கோடு விழும். கென்ட்மியர் 400 எச்.பி.5 செய்யும் அதே கம்பெனியின் சரக்கு, பழகிக்கொள்ள நல்லது. ஆனால் 1600-க்குத் தள்ளும்போது எச்.பி.5 அளவுக்கு ஈடுகொடுக்காது.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்துகொண்டிருந்த நாட்டில், இன்று எல்லாப் பெட்டியும் இறக்குமதி. அதனால் பெட்டி எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் வெந்தது என்பது யாருக்கும் தெரியாது. வாங்கியதும் ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், எடுத்தபின் ஒரு மணி நேரம் கவரைத் திறக்காதீர்கள். திறந்தால் ஃபிலிம்மேல் நீர் பூக்கும். இது இரண்டுக்கும் பொது, ஆனால் தப்பு நடந்தால் தண்டனை கோல்டுக்குத்தான் அதிகம்.

சூரியகாந்திக்கு மட்டும் இரண்டு கோல்டு வாங்குகிறவர்கள், பூ வந்த வாரத்தில் வாங்கி, அதே வாரத்தில் முடித்து, உடனே அனுப்பிவிடுங்கள். பாதி ரோலைக் கேமராவில் வைத்துக்கொண்டு ஓணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மீட்டரை 125-இல் வைத்திருந்தாலும் கவர்மேல் 'சாதாரணமாகக் கழுவவும்' என்று மார்க்கரில் எழுதுங்கள், இல்லாவிட்டால் லேப்காரர் நேரத்தைக் குறைத்துவிடக்கூடும். நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லியும் ஒரு வரி எழுதுங்கள். கேட்காவிட்டால் ஸ்கேன் மட்டும் வந்து சேரும் இடங்களும் உண்டு.