டிவியைப் பிரிப்பதா, மலையிலிருந்து இறக்குவதா?

குன்னூரில் எல்.இ.டி. டிவி பழுதானால் மூன்று வழிகள்: நாமே பிரிக்கலாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்கலாம், கீழே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டுபோகலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். எந்த வழி என்பது என்ன பழுது என்பதைப் பொறுத்தது. அதனால் திருப்புளிக்கு முன் டார்ச்சை எடுங்கள். ஒலி வந்து படம் வராவிட்டால், அறையை இருட்டாக்கித் திரையின் மீது டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் கண்ணாடித் திரை, பிழைத்தது; அதன் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட் பக்கம்தான் கோளாறு. சிவப்பு விளக்கே எரியவில்லையென்றால் முதல் சந்தேகம் டிவிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் போர்டு மீது.

பவர் போர்டு என்றால் வீட்டில் பிரிப்பதே மேல். பின்மூடியைக் கழற்றினால் போர்டு கண்முன் இருக்கும். அதில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்கி மாட்டலாம். ஆனால் அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரிடம், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உருளையிடம், எச்சரிக்கை தேவை. 230 வோல்ட் மின்சாரம் அதில் 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கலாம். மல்டிமீட்டரில் அளந்து, வோல்ட் வடிந்துவிட்டது என்று தெரியும்வரை கை வைக்காதீர்கள்.

எங்கள் ஊர் ஈரத்தால் வரும் கோளாறும் வீட்டில் தீரக்கூடியதே. சமையலறைச் சுவரை ஒட்டி நின்ற எங்கள் 32 அங்குல டிவியில் பாதித் திரை கோடுகளாகிவிட்டது. பேனலுக்குப் படச் சிக்னலை அனுப்பும் டி-கான் போர்டின் ரிப்பன் கேபிளைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். கோடுகள் போய்விட்டன.

பேக்லைட்டில் நிலைமை தலைகீழ். பட்டைகளில் எல்.இ.டி.கள் தொடராகக் கோத்திருப்பதால் ஒன்று கருகினாலும் வரிசையே அணைந்துவிடும். பட்டைகளை மாற்றுவது எளிது, அவற்றை அடைவதுதான் ஆபத்து. பேனல் கண்ணாடியைத் தூக்கியாக வேண்டும். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் ரிப்பன்களில் ஒன்று கிழிந்தால் பேனலே போயிற்று. 32 அங்குலத்தை இருவர் சேர்ந்து தூக்கிவிடலாம். 43 அங்குலத்தில் கை வைக்காதீர்கள். நானும் தம்பியும் தூக்கியபோது ஒரு மூலை வளைந்தது, புதுப் பேனல் விலை ஏறக்குறைய புது டிவி விலை.

அப்படியானால் இறக்குவதா? எனக்கு அதில் உடன்பாடில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். டிவியைப் படுக்கவைக்கக் கூடாது, நிற்கவைத்தே பிடிக்க வேண்டும். மலைக்குளிரில் இருந்த பெட்டி சமவெளியின் வெப்பக் காற்றில் பட்டதும் உள்ளே வியர்க்கும், சில மணி நேரம் உலராமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மெக்கானிக் மேலே வரக் கூடுதலாகக் கேட்பார், சில நாள் காக்கவும் வைப்பார். ஆனாலும் பெரிய திரைக்கு அவரையே கூப்பிடுங்கள். விறகுப் புகை இல்லாத அறையை ஒழித்துக் கொடுங்கள். பேக்லைட் ஒளியைப் பரப்பும் ஷீட்டுகளுக்கு இடையே விழுந்த தூசி திரையில் புள்ளியாகத் தெரியும்.

டிவியின் மூளையான மெயின் போர்டு பழுது என்றால் நான்காவது வழி ஒன்று உண்டு. டிவி சுவரிலேயே இருக்கட்டும், போர்டு மட்டும் நிலைமின் தடுப்பு உறையில் கோவை பஸ் ஏறட்டும். வேறு போர்டு வாங்கி மாட்டுவதைவிட இருப்பதைச் சரிசெய்வது நல்லது, ஏனெனில் மென்பொருள் பேனலுக்குப் பொருந்தாவிட்டால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரும்.