பழைய ஃபியட் வைத்திருப்பவர்களே, 43,000 ரூபாய் போன கதை இது

வயிறெரிந்து எழுதுகிறேன். பழைய காரை மின்சார வேலைக்கு விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எப்படிப் பட்டறை தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 1979 மாடல் பிரீமியர் பத்மினி, ஃபியட் என்றே எல்லோரும் சொல்லும் வண்டி. காலையில் செல்ஃப் மோட்டார் சோர்ந்து சுற்றும். பேட்டரியில் சார்ஜ் நிற்காது. செல்ஃப் அடிக்கும்போது, வண்டிக்குள்ளிருந்து இன்ஜினின் கார்புரேட்டருக்குப் போகும் சோக் கம்பி கை வைக்க முடியாதபடி சுடும். கோவையில் பழைய கார்களை மட்டுமே பார்க்கும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோய், சோக் கம்பி சுடுவதை வாசலிலேயே சொன்னேன். தொழில் தெரிந்தவருக்கு அந்த ஒரு தகவல் போதும்.

முதலாளி பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ மேலிருந்த தூசியைத் தன் தோள் துண்டாலேயே துடைத்தார். "எங்கள் அப்பா ஓட்டியதும் இதே வண்டிதான் சார், பணத்துக்காக இதில் கை வைக்க மாட்டேன்" என்றார். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தேன். வயரிங் முழுவதும் நைந்துவிட்டது, டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டும் போய்விட்டது, டைனமோவைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் போட வேண்டும் என்றார். மீட்டரை எடுத்து எதையும் அளக்கவில்லை. முன்பணம் 25,000, வண்டி எடுக்கும்போது 18,000. மொத்தம் 43,000 ரூபாய். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை.

மறுநாள் காலை அதே சோர்வு, அதே சூடு. போன் செய்தால், "அண்ணன் வெளியே போயிருக்கிறார்." அடுத்து, "பேட்டரியை மாற்றிப் பாருங்கள்." அப்புறம், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் சார், அனுசரித்துத்தான் போக வேண்டும்." 43,000 ரூபாய் வாங்கும்போது இந்த அனுசரிப்பு எங்கே போயிருந்தது?

கடைசியில் எங்கள் தெருமுனையில் உள்ள வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் மேலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய முள் நான்கைத் தாண்டியது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் அந்த வழி அடைபட்டதால் செல்ஃப் இழுக்கும் கரண்ட் சோக் கம்பி வழியாகத் திரும்பியிருக்கிறது. சுடாமல் என்ன செய்யும்? புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். செல்ஃப் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு உடம்பே பதறியது. பீங்கான் ஃபியூஸ் ஒன்றின்மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். வயர் உருகினாலும் அந்த ஃபியூஸ் போகாது. புதிதாகப் போட்ட வயர்கள் எல்லாம் ஒரே சிவப்பு. ஹாரனுக்குப் போவது எது, ஹெட்லைட்டுக்குப் போவது எது என்று போட்டவருக்கே தெரியாது. குடும்பத்தோடு போகும்போது தீப்பிடித்திருந்தால் யார் பதில் சொல்வது?

என் பழைய டைனமோவையாவது கொடுங்கள் என்று கேட்டேன். "எடைக்குப் போட்டுவிட்டோம் சார்." உள்ளே இருக்கும் செம்புக்கு விலை தெரிந்திருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. மீட்டர் வைத்து அளக்காமல் "முழு வயரிங்" என்று ஆரம்பிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பில் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் எண்ணி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.