கிராபிக்ஸ் கார்டா, மானிட்டரா: எதை முதலில் மாற்றுவது?

கேம் பிசிக்குப் படத்தைத் தயாரிக்கும் கிராபிக்ஸ் கார்டு, அதைக் காட்டும் மானிட்டர் இரண்டில், கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் கணக்கு எளிது. நீங்கள் ஆடும் கேம் ஏற்கெனவே 80, 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை ஃபிரேம், அதாவது படம்) தருகிறதா? மானிட்டரை மாற்றுங்கள். 40-இல் திணறுகிறதா? கார்டை மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். அதற்கு மேல் கார்டு தயாரிக்கும் ஃபிரேம் எதுவும் முழுதாக உங்கள் கண்ணுக்கு வராது. 144 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லி நொடியிலிருந்து 6.9 ஆகக் குறையும். மவுஸை லேசாக அசைத்தாலே வித்தியாசம் கையில் தெரியும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளுக்கு இதை அழுத்தியே சொல்வேன். சம்பா அறுவடை சமயத்தில் வைக்கோல் தூசியும் சுணையும் ஜன்னல் வழியாக வந்து, கார்டின் ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்துவிடும். என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகள் 83 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டு பழசாகிவிட்டது என்று நாம் நினைப்போம், அதுவோ மூச்சு முட்டிக் கிடக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, அது சுற்றாதபடி புளோயர் அடியுங்கள். சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். இதற்கு அப்புறமும் திணறினால்தான் கடைப் பேச்சு.

திணறல் கார்டால்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கார்டின் வேலையைத் திரையில் காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, எஃப்பிஎஸ் வரம்பு, விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிவைக்கும் செட்டிங்) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டுதான். 60, 70-இல் நின்றால் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் பிக்சல் எண்ணிக்கையை, 720பி-க்குக் குறையுங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பிராசஸர்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மெஷினில் எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் பணம்தான் வீண்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. 10 வரிசைக்கு கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்கு ஏற்பக் கார்டைத் தயார்செய்யும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அதோடு, 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேம்கள் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) உள்ள கார்டு இல்லாமல் ஓடாது. புது கேம் ஆடும் ஆசை இருந்தால் இவர்கள் கார்டுக்குத்தான் போக வேண்டும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் போதும் என்பவர்கள் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

சரி, எந்த கார்டு? 1080பி மானிட்டருக்கு நான் ஒப்பிடுவது மூன்றை: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, செகண்ட் ஹேண்டில் வரும் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. கரண்ட் விஷயத்தில் இவை 132, 115, 170 வாட். நம் பக்கம் இந்த எண்ணை அலட்சியம் செய்ய முடியாது. கோடை மதியத்தில் லோ வோல்டேஜ், ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் என்று யுபிஎஸ் இல்லாமல் கேம் பிசி ஓட்டுவது ஆபத்து. பல வீடுகளில் இருப்பதோ சின்ன 600 விஏ யுபிஎஸ். 1060-இன் 120 வாட்டை விட 4060 குறைவாகத்தான் எடுக்கும், ஆகவே 1060-ஐ ஓட்டிய யுபிஎஸ்ஸையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கேபினெட்டுக்குள் கரண்ட் தரும் பெட்டி) அப்படியே வைத்துக்கொள்ளலாம். 3060 வாங்கினால் அவற்றின் தாங்குதிறனைச் சரிபார்த்த பிறகுதான் செருக வேண்டும். 3060-இன் பலம் அதன் 12 ஜிபி மெமரி. மற்ற இரண்டிலும் 8 ஜிபிதான். புது கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்பு நுணுக்கம்) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. ஆனாலும் விலை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என் ஓட்டு 4060-க்கே. இன்னும் புதிதாக வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று வருகின்றன. அட்டைப்பெட்டியைப் படிக்காமல் காசை நீட்டாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்திலிருந்து வரும் கார்டில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். உப்புக்காற்றில் துருவேறி, போர்ட்டுகளில் களிம்பு பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

மானிட்டரில் போட்டி 24 அங்குல 1080பிக்கும் 27 அங்குல 1440பிக்கும்தான். 27 அங்குலத்தில் 1080பி வாங்காதீர்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். 1440பியில் பிக்சல்கள் 1.78 மடங்கு. அதே கார்டு அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். 8 ஜிபி கார்டோடு புது கேம்களை 1440பியில் ஆட நினைப்பவர் அடுத்த வருடமே கார்டையும் மாற்ற நேரும். திரையின் பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏ பேனல் இருட்டறையில் படம் பார்க்க அருமை; கருப்பு நல்ல கருப்பாக இருக்கும். ஆனால் வேகமான கேமில் இருண்ட காட்சிகள் இழுபடும். சுடும் கேம் ஆடுபவருக்கு ஐபிஎஸ்தான்.

மானிட்டரை முதலில் வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு பலமான காரணம் அடாப்டிவ் சிங்க். கார்டு 55-க்கும் 75-க்கும் நடுவே ஏறி இறங்கினாலும் மானிட்டர் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும், படம் கிழியாது. 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசை தொடங்கி என்விடியா கார்டுகளுக்கும் இது கிடைக்கிறது. அதாவது பழைய கார்டே கொஞ்சம் இளமையாகிவிடும். நல்ல மானிட்டர் அடுத்தடுத்து இரண்டு கார்டுகளுக்காவது உழைக்கும் என்பதும் இருக்கிறது.

மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, பொங்கலுக்குள்ள ஒண்ணுதான் வாங்க முடியும், எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். 1660 சூப்பர் வைத்திருக்கிறான், ஆடுவது பெரும்பாலும் வேலரன்ட். எஃப்பிஎஸ் நூறைத் தாண்டுகிறது, மானிட்டர் பழைய 60 ஹெர்ட்ஸ். 24 அங்குல, 1080பி, 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் வாங்கச் சொன்னேன். திருச்சி கடையில் நேரில் பார்த்து, டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருந்தால் மாற்றித் தருவார்களா, சர்வீஸ் எங்கே என்று கேட்டுவிட்டு எடு என்றேன். டிஸ்ப்ளே போர்ட் கேபிளைத்தான் செருக வேண்டும், பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு பெரும்பாலும் 1080பியில் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 180-ஐ நீயே தேர்ந்தெடு, இல்லையென்றால் அது 60-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம் என்றும் சொல்லி வைத்தேன்.