பிட்ஸ்பர்க் – வாஷிங்டன் சைக்கிள் பாதை: தண்ணீரைப் பார்த்து நாளைப் பிரியுங்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஏறி உட்கார்ந்தால், கார்களோடு மல்லுக்கட்டாமல் வாஷிங்டன் வரைக்கும் சைக்கிளிலேயே வந்துவிடலாம். முதல் 240 கிலோமீட்டர் கிரேட் அலிகெனி பாசேஜ். பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை. அது மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்தில் முடிகிற இடத்திலேயே சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்ப் பாதை தொடங்குகிறது. போடோமாக் ஆற்றை ஒட்டியே 297 கிலோமீட்டர் போய் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் முடியும். பல வருடங்களாக, வெவ்வேறு பருவங்களில் இதில் ஓட்டி வருகிறேன். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்வது?" என்றுதான். தண்ணீர் எங்கே கிடைக்கும், மழை உண்டா என்று முதலில் பாருங்கள். கிலோமீட்டர் அதற்குப் பிறகு தானே முடிவாகிவிடும்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்புவதே என் கட்சி. வழியில் இருக்கும் நீர்ப்பிரிமேட்டின் (மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேடு) உயரம் 729 மீட்டர். இந்தப் பக்கமிருந்து வந்தால் அந்த ஏற்றம் 200 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடப்பதால் காலுக்கே தெரியாது. கம்பர்லாந்து பக்கமிருந்து வந்தால் 40 கிலோமீட்டருக்குள் மொத்தமும் ஏறியாக வேண்டும். மேட்டைத் தாண்டியதும் பிக் சாவேஜ் சுரங்கம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். அதைவிட்டு வெளியே வந்ததும் மேரிலாந்து மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். அங்கே பத்து நிமிடமாவது நிற்காமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் சுரங்கத்தின் கதவை அடைத்துவிடுவார்கள், பராமரிப்பு வேலைக்காகவும் மூடுவதுண்டு. திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு லீவு போடுங்கள்.

அலிகெனி பாதை சுண்ணாம்புக்கல் பொடி போட்டு இறுக்கியது. மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். கால்வாய்ப் பாதை அப்படியல்ல. படகுகளை இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த மண்பாதை அது. சில பகுதிகளைப் புதிதாகச் செப்பனிட்டிருந்தாலும், நல்ல மழைக்குப் பிறகு பல இடங்களில் களிமண் பிசைந்த மாவாக மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவே விடாது. இறங்கிக் குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் அகல டயரும், மேலே தாராளமாக இடைவெளி விட்ட மட்கார்டும் இருந்தால் சமாளிக்கலாம். மழை நாளில் லிட்டில் ஆர்லியன்ஸ் பக்கம் வந்தால் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயிலுக்கு மாறிவிடுவேன். ஹான்காக் வழியாகக் கால்வாயை ஒட்டியே போகும் தார்ப்பாதை அது.

தங்குவதற்குக் கால்வாயோரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக இலவச முகாம்கள் இருக்கின்றன. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம், ஒரு முகாமில் ஓர் இரவுதான். மேஜை, கழிப்பறை, கையால் அடிக்கும் பம்ப் எல்லாம் இருக்கும். ஆனால் எல்லா பம்ப்பிலும் எப்போதும் தண்ணீர் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். தண்ணீர்ப் பரிசோதனை சரியில்லை என்றால் கோடையிலும் கழற்றுவார்கள். ஆகவே ஒரு முகாமைக் குறித்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றைச் சேர்த்தே குறித்துக்கொள்வேன். எந்நேரமும் மூன்று லிட்டர் கையிருப்பு. பம்ப் தண்ணீரைச் சுத்தம் செய்ய அயோடின் கலப்பதால் வாடை அடிக்கும். எலுமிச்சை பிழிந்தால் பெரும்பாலும் போய்விடும். இரவெல்லாம் சரக்கு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் உண்ணிகள் அதிகம். தினமும் சாயங்காலம் முழங்கால் மடிப்பு, சாக்ஸ் விளிம்பு எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூடாரத்துக்குள் நுழைவது.

கம்பர்லாந்திலிருந்து ஹான்காக் வரை ஏறக்குறைய 97 கிலோமீட்டருக்குக் கடைகள் மிகவும் குறைவு. சைவக்காரர்கள் கம்பர்லாந்திலேயே இரண்டு நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். என் பையில் வறுத்த ரவை உப்புமா மிக்ஸும் இட்லிப் பொடியும் எப்போதும் இருக்கும். குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுபோனதையெல்லாம் திரும்ப எடுத்து வர வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் பாவ் பாவ் சுரங்கம் வருகிறது. 950 மீட்டர், 1836-இல் தொடங்கி 1850-இல்தான் முடித்தார்கள். உள்ளே விளக்கே இல்லை, பாதையும் குறுகல். இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். ஹெட்லைட்டைப் பாதையோரத்து மரக் கைப்பிடிக் கம்பின் மேல் சாய்த்துப் பிடித்தால், படகு இழுத்த கயிறுகள் உரசி உரசி மரத்தில் விழுந்த பள்ளங்கள் தெரியும். விரலை வைத்தால் வழுவழுவென்று உள்ளே இறங்கும். 1924-இல் கால்வாய்ப் போக்குவரத்து நின்றுபோனது. மொத்தப் பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வாஷிங்டன் பக்கம் வசிப்பவர்கள் ஆம்ட்ராக் ரயிலில் சைக்கிளோடு பிட்ஸ்பர்க் போய் இறங்கி, வீட்டைப் பார்த்து ஓட்டி வரலாம். வண்டி நள்ளிரவை ஒட்டித்தான் போய்ச் சேரும் என்பதால் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அறை போடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் இடம் பதிவு செய்துவிட வேண்டும். சில சைக்கிள்களுக்குத்தான் இடம் இருக்கும், அக்டோபரில் இலை நிறம் மாறும் வாரங்களில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும்.