டிக் அடித்த சர்வீஸ் தாளும் திறக்கவே திறக்காத பிரேக் டிரம்மும்: கேரவன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கேரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு) வருடாந்தர சர்வீஸுக்கு விட்டுவிட்டு, மாலையில் ஒரு தாளையும் பில்லையும் வாங்கிக்கொண்டு இழுத்துப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். முழு சர்வீஸுக்கும் எங்களிடம் காசு வாங்கிய ஒர்க்‌ஷாப் பாதி வேலையைத் தொடவே இல்லை. தொட்ட இடத்தில் ஒன்றிரண்டைக் கெடுத்தும் வைத்தது. தாளில் மட்டும் ஒரு கட்டம் பாக்கியில்லாமல் டிக்.

முதலில் தெரிந்தது ஆட்டம். வண்டியை எடுத்து வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் கேரவன் லேசாக அசைவது எப்போதும் உள்ளதுதான், ஒரு குலுங்கலோடு நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. வலமும் இடமுமாக அலைந்து, காரின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை விட்டதில் அடங்கியது. (இப்படி ஆடினால் பதறிப்போய் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். இரண்டுமே ஆட்டத்தைக் கூட்டும்.)

ஓரங்கட்டிப் பார்த்தால் கப்ளிங் (கேரவனைக் காரோடு பூட்டும் தலைப்பகுதி) முழுக்க கிரீஸ். அது உட்காரும் டோபாலில், அதாவது காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில், விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறது. தாளில் "கப்ளிங்: சுத்தம் செய்து கிரீஸ் இடப்பட்டது" என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். ஸ்டெபிலைசர் இல்லாத சாதாரண கப்ளிங்குக்கு கிரீஸ் வேண்டும்தான். எங்களுடையது ஸ்டெபிலைசர் உள்ளது. உள்ளே இருக்கும் உராய்வுப் பட்டைகள் டோபாலை இறுக்கிப் பிடித்தால்தான் ஆட்டம் அடங்கும். அதில் கிரீஸ் பட்டால் பட்டை வழுக்கும், ஸ்டெபிலைசர் இருந்தும் இல்லாத கதை. புது டோபாலில் பெயின்ட் இருந்தால்கூடச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாட்டச் சொல்வார்கள். கேரவன் சர்வீஸையே பிழைப்பாக வைத்திருக்கிற இடத்துக்கு இது தெரியாதா என்பதுதான் எனக்கு அன்றைக்கு வந்த முதல் சந்தேகம்.

திரும்ப அவர்களிடமே போக மனம் வரவில்லை. வீட்டுக்கே வந்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். பட்டைகளைக் கழற்றிப் பார்த்தவர், ஊறிவிட்டது, புதிது போடுவதுதான் நல்லது என்றார். வந்ததுதான் வந்தார், "அண்ணே, பிரேக்கையும் ஒரு கண் பார்த்துடுங்க" என்றேன். சக்கரத்தைக் கழற்றி, டிரம் நடுவில் இருக்கும் உலோக மூடியைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இந்த மூடியை யாரும் தொட்டதாவே தெரியலையே."

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வெளிப்பட்டது இங்கேதான். எங்கள் கேரவனில் இருப்பது ஆல்-கோ கம்பெனியின் அச்சு. அந்த வகை அச்சில் பிரேக் டிரம்மைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு பெரிய நட்டு. அது ஒரு தடவை மட்டும் போடும் நட்டு. கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். சுமார் 290 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும், சாதாரண ஸ்பேனருக்கு அந்த வேலை ஆகாது, பெரிய டார்க் ரெஞ்ச் வேண்டும். இறுக்கிய பிறகு நட்டின் மேல் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுவது நல்ல மெக்கானிக்குகளின் பழக்கம். எங்கள் பில்லில் "ஹப் நட்டு, புதியது – 2" என்று தனி வரி போட்டு, விலையும் வாங்கியிருந்தார்கள்.

அவர் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே இருந்த நட்டின் விளிம்பு முழுக்கத் துரு. நட்டும் அச்சும் சேரும் இடத்தில்கூடத் துரு ஒரே படலமாக, எங்கும் விரிசல் விடாமல் படிந்திருந்தது. அந்த நட்டு எந்தக் காலத்திலோ போட்டதோடு சரி. மறுபக்கச் சக்கரமும் அதேதான். டிரம்மைக் கழற்றியதும் பிரேக் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. ஒரு பக்கத்து பிரேக் ஷூ (டிரம்முக்குள் விரிந்து அழுத்தி வண்டியை நிறுத்தும் பட்டை) இறுகிப்போய் சரியாக விரியவில்லை. மூடி, நட்டு, தூள் மூன்றையும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

போட்டோக்களோடு ஒர்க்‌ஷாப் மேனேஜரைப் பார்க்கப் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை, மிக மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், ஷூவைப் பார்க்க டிரம்மைக் கழற்றணும்னு அவசியமே இல்ல. பின்னால ஒரு ரப்பர் மூடி இருக்கு. அதை எடுத்துட்டு ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பார்த்துடுவோம்."

"சரிங்க. அப்போ நட்டுக்கு எதுக்குப் பில் போட்டீங்க?"

"அது பேக்கேஜ் சார்."

அந்த ரப்பர் மூடி இருப்பது உண்மைதான். அதன் வழியாக ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓரளவு பார்க்கவும் முடியும். ஆனால் தூளைத் துடைக்க முடியாது, ஷூ சரியாக அசைகிறதா என்று சோதிக்கவும் முடியாது. தாளில் "டிரம் கழற்றி, சுத்தம் செய்து, சரிபார்க்கப்பட்டது" என்றல்லவா எழுதியிருக்கிறது? அந்த வரியைக் காட்டியதும், அந்தப் பையன் இப்போது வேலையில் இல்லை என்றார். பையன் போய்விட்டான், பணம் மட்டும் கடையில் இருக்கிறது.

பிரேக் விஷயத்தில் பிடிபட்ட பிறகு தாளின் மற்ற பக்கங்களை உட்கார்ந்து படித்தேன். ஈரச் சோதனைப் பக்கத்தில் கேரவனின் படம் போட்டு, சுவர், தரை, கூரை, ஜன்னல் ஓரம் என்று ஒவ்வொரு புள்ளியிலும் மீட்டர் காட்டிய அளவை எழுதியிருப்பார்கள். எங்கள் தாளில் எல்லாப் புள்ளியிலும் 12. உண்மையாக மீட்டர் வைத்துப் பார்த்த தாள் அப்படி இருக்காது. சமையல் மேடைக்குப் பின்னால் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று, கதவோரம் ஒன்று என்று எண்கள் ஏறி இறங்கும். ஒரே எண் வரிசையாக இருந்தால், யாரோ நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊசி உள்ள ஈர மீட்டர் ஒன்றை வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். பொதுவாக 15 சதவீதம் வரை கவலையில்லை. 20 வரை போனால் கண் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தண்ணீர் எங்கேயோ உள்ளே வருகிறது. 30-க்கு மேல் என்றால் உள்ளிருக்கும் மரச்சட்டமே கெட ஆரம்பித்திருக்கலாம். வண்டியின் பெரும்பகுதியில் 10, 13, 14 என்றுதான் காட்டியது. முன்பக்க வலது மூலையில், ஜன்னலுக்குக் கீழே, 34. கட்டைவிரலால் அழுத்தினால் சுவர் மெத்தென்று உள்ளே போகிறது. மேலே ஒட்டியிருக்கும் அலங்காரத் தாள் மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் அழகாக இருக்கிறது. கீழே இருந்த பெட்டியைத் திறந்த என் மனைவி, நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வருகிறது என்றாள். போன வருடமே சொன்னாள் அவள்.

தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது. வெளியே அந்த மூலையில் சுவரின் தகடுகள் சேரும் இடத்தில் ஒரு அலுமினியப் பட்டி ஓடுகிறது, கூடாரத் துணி மாட்டுகிற பட்டி. அதை வரிசையாக ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருப்பார்கள். பட்டிக்கு அடியில் மெழுகு போன்ற சீலன்ட் இருக்கும். வருடக்கணக்கில் வெயிலிலும் குளிரிலும் அது காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் ஸ்க்ரூ ஓட்டை வழியாக மரத்துக்குப் போய்விடும். இதைச் சரிசெய்ய ஒரே வழி, பட்டியைக் கழற்றி, பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி, புதிய பட்டைச் சீலன்ட் வைத்துத் திரும்ப முடுக்குவது. ஒரு நாள் வேலை. பில்லில் "மூலைப் பட்டி மறு-சீலிங்" என்று வாங்கியிருந்த காசுக்கு அவர்கள் செய்தது, பட்டியின் விளிம்பில் ஒரு கோடு சிலிக்கான் இழுத்தது. அதுவும் மேல் விளிம்பில் அரைகுறை. கீழ் விளிம்பை முழுக்க அடைத்துவிட்டதால், உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லை. சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் வேறு எதுவும் ஒட்டாது என்பதால், இப்போது சரிசெய்கிறவருக்கு அதைச் சுரண்டுவதே தனி வேலை.

பொய்யாக எழுதிய அந்த 12 இன்னொரு வகையிலும் கழுத்தை அறுக்கிறது. நிறைய கேரவன் தயாரிப்பாளர்கள் தண்ணீர் புகாது என்று பல வருட உத்தரவாதம் தருகிறார்கள், ஆனால் வருடா வருடம் ஈரச் சோதனை செய்த தாள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்களிடம் தாள் இருக்கிறது. அந்தத் தாளே வண்டி காய்ந்திருப்பதாகச் சொல்கிறது. அப்படியானால் இந்த 34 திடீரென்று எங்கிருந்து வந்தது, எங்கேயாவது இடித்தீர்களா என்று தயாரிப்பாளர் தரப்பில் கேட்கிறார்கள். சோதனையே செய்யாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு சிக்கல் இல்லையோ என்று தோன்றுகிறது.

சமையல் கேஸ் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஹோஸ் மாற்றப்பட்டது" என்று டிக். ஹோஸிலேயே தயாரிப்புத் தேதி அச்சடித்திருக்கும். எங்களுடையதில் பழைய தேதி அப்படியே இருந்தது. கார்பன் மோனாக்சைடு அலாரம் "வேலை செய்கிறது" என்று டிக். அதன் பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதுதான், ஆனால் அந்தப் பட்டன் சோதிப்பது பேட்டரியையும் சத்தத்தையும்தான். உள்ளிருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, எந்த வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அலாரத்தின் பின்பக்கமே எழுதியிருக்கும். எங்களுடையது அந்த வருடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகளோடு உள்ளே படுத்துத் தூங்கியிருக்கிறோம். இதை மட்டும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திருட்டுப் பாதுகாப்புக்கு என்று அவர்களிடமே ஒரு டிராக்கரும் போடச் சொல்லியிருந்தோம். அது செயலியில் கடைசியாக இருப்பிடம் காட்டியது வண்டியை நிறுத்திச் சில நாளில், அதற்கப்புறம் மௌனம். பெரியவர் வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்துச் சொன்னார்: மெயின் சுவிட்சுக்கு அப்புறம் இணைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவைக்கும்போது எல்லோரும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வருவோம். அதோடு டிராக்கருக்கும் மின்சாரம் நின்று, உள்பேட்டரி தீர்ந்ததும் அது தூங்கிவிடும். அதாவது திருடன் வரக்கூடிய காலத்தில் மட்டும் வேலை செய்யாத டிராக்கர். ஃபியூஸ் போட்டு நேராக பேட்டரியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். வைத்திருந்த இடமும் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே, யாரும் முதலில் கையை விட்டுத் தேடுகிற இடம். போதாக்குறைக்குக் கணக்கு ஒர்க்‌ஷாப்பின் பெயரில் இருந்தது. எங்கள் வண்டி எங்கே நிற்கிறது, எப்போது நாங்கள் ஊரில் இல்லை என்பதெல்லாம் அவர்கள் திரையில் தெரியும். கணக்கை எங்கள் பெயருக்கு மாற்ற அவர்களிடம் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. டிராக்கர் போடுகிறவர்கள் கடையை விட்டு வருவதற்கு முன்னாலேயே உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு செயலியில் தெரிகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

மோட்டார்ஹோம் (சொந்த இன்ஜினில் ஓடும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கு வேறு வகையில் இந்தக் கதை நடக்கும். அங்கே சர்வீஸ் இரண்டு: இன்ஜின், பிரேக், டயர் ஒன்று, கேஸ், தண்ணீர், ஈரம், மின்சாரம் என்று வீட்டுப்பகுதி இன்னொன்று. ஆயில் மாற்றிவிட்டு "முழு சர்வீஸ்" என்று பில் போட்டால், எது முழு என்று கேளுங்கள்.

இனி எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் வண்டியை விடும்போதே நான் சொல்லிவிடுவது, கழற்றிய பழைய நட்டு, பழைய ஹோஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வண்டிக்குள் வைக்க வேண்டும் என்பது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், பலர் கேட்காமலே வைப்பார்கள். டிரம் மூடியும் ஹப்பும் சேரும் இடத்தில் மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று போட்டுவிட்டுக் கொடுங்கள். திறந்தால் கோடு பொருந்தாது. ஈர மீட்டர் வைக்கும்போது கூடவே நிற்கலாமா என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது, உள்ளே வரக் கூடாது என்பார்கள் சில இடங்களில். அப்படியானால் மீட்டர் திரை தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று நின்று கெடுவதுதான் அதிகம் என்பதால் 5 வருடத்தில் மாற்றச் சொல்வார்கள், 7-ஐத் தாண்டவே கூடாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் வாக்கில் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

எங்கள் நிலவரம் இதுதான். பிரேக் வேலைக்கும் நட்டுக்கும் வாங்கிய காசை, போட்டோக்களை எழுத்துப்பூர்வமான புகாரோடு அனுப்பிய பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், "நல்லெண்ண அடிப்படையில்" என்று ஒரு வரியோடு. மூலைப் பட்டிக்கும் ஊறிப்போன சுவருக்கும் இன்னும் பதில் இல்லை. தயாரிப்பாளரிடமும் நுகர்வோர் புகார்ப் பிரிவிலும் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து தனியாகக் கேட்டு எழுத வேண்டாம். உங்கள் தாளிலும் எல்லாப் புள்ளியிலும் ஒரே எண் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.