முதல் உலகப் போர்: சரயேவோ தோட்டாவா, கூட்டணி வலையா?

தேர்வில் எதைக் காரணமாக எழுதுவது என்று குழம்புகிறவர்களுக்கு: தோட்டா என்பது சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை போஸ்னிய செர்பிய இளைஞன் பிரின்சிப் சுட்டுக் கொன்றது; வலை என்பது ஐரோப்பிய வல்லரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்.

காலம்
தோட்டா: 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரை, ஐந்தே வாரம்.
வலை: 1879 ஜெர்மனி–ஆஸ்திரியா ஒப்பந்தம் தொடங்கி 1907 பிரிட்டன்–ரஷ்யா உடன்பாடு வரை.

எதை விளக்கும்
தோட்டா: ஏன் அந்தக் கோடையில் என்பதை. ஜூலை 23-இல் செர்பியாவுக்கு ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடு, 28-இல் போர்.
வலை: இருவர் சண்டை ஐரோப்பா முழுக்கப் பற்றியதை. செர்பியாவுக்குத் துணைநின்ற ரஷ்யாவோடு மோதினாலும் முதல் அடி ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸுக்கு, அதுவும் நடுநிலை நாடான பெல்ஜியம் வழியாக என்பது ஆஸ்திரியாவின் கூட்டாளி ஜெர்மனியின் திட்டம். பிரிட்டன் களமிறங்க அதுவே வழிவிட்டது.

எங்கே சறுக்கும்
தோட்டா: பிரின்சிப் குறி தவறியிருந்தால் போரே இல்லை என்று நம்பவைக்கும்.
வலை: 1908 போஸ்னியா நெருக்கடியிலும் 1912-13 பால்கன் போர்களிலும் இதே வலை இருந்ததே, ஏன் வெடிக்கவில்லை?

இரண்டு மதிப்பெண்ணுக்குத் தோட்டா போதும். 'ஏன் உலகப் போரானது' என்றால் வலைதான், ஜூலைக் கெடுவையும் சேர்த்து.