குன்னூர் மனநல கிளினிக்கில் வீட்டாருக்கான ஆலோசனை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். கோத்தகிரியிலிருந்து குன்னூரில் உள்ள சிறிய மனநல கிளினிக் ஒன்றுக்கு அவனைக் கூட்டிப்போகிறோம். நோயாளியோடு வரும் வீட்டாரிடமும் அங்கே டாக்டர் தனியாக உட்கார்ந்து பேசுகிறார். அந்தக் கிளினிக்கின் சிறப்பே அதுதான்.

"தாய்மாமனுக்கு இருக்கே, பரம்பரை வியாதியாச்சே" என்று என் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. அதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வரும். அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 10 சதவீதம் போல வாய்ப்பு. மாமனுக்கு என்றால் அதைவிட நன்றாகக் குறைவு. மரபணு அச்சாக ஒன்றாயிருக்கும் இரட்டையரிலேயே, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிப்பேருக்குக்கூட இல்லையாம். 2022இல் வந்த பெரிய ஆய்வில் மரபணுத் தொகுதியில் 287 இடங்களுக்கு இந்நோயோடு தொடர்பு தெரிந்தது. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். "ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா டாக்டர்?" என்றேன். அப்படியொரு டெஸ்ட் இல்லை என்றார். கஞ்சாப் பழக்கம் ஆபத்தைக் கூட்டும் என்றும் சொன்னார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய உதவி அடுத்த பேச்சு. மாத்திரை ஆரம்பித்தபின் தம்பிக்குக் காதில் குரல் கேட்பதும், பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் விஷம் வைக்கிறார்கள் என்ற பயமும் அடங்கிவிட்டன. ஆனால் குளிக்க மாட்டான், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில், வெயில் வந்தாலும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான். அப்பா சோம்பேறி என்று திட்டுவார். டாக்டர் அப்பாவை எதிரே உட்காரவைத்து, "ஐயா, குரல் கேட்பது எப்படி நோயோ, இந்த ஒதுக்கமும் அதே நோய்தான். இதற்கு மாத்திரை அவ்வளவாகக் கேட்காது" என்றார். குரலும் பயமும் இந்நோயின் அறிகுறிகளில் ஒரு வகை, ஒதுக்கம் இன்னொரு வகை, கவனமும் ஞாபகமும் தளர்வது மூன்றாவது வகையாம். காலையில் எழுந்து முகம் கழுவுவது, அப்புறம் அப்பாவோடு தோட்டத்தில் கொஞ்ச நேரம் இலை பறிப்பது என்று சின்னச் சின்னதாக ஒரு அட்டவணை கொடுத்தார்கள். இப்போது அப்பா திட்டுவதில்லை, கூடவே கூட்டிப்போகிறார்.

குறையும் உண்டு. டோக்கன் வாங்கி வராந்தாக் குளிரில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். எதிர்க் கடையில் சில மாத்திரைகள் கிடைப்பதில்லை, ஊட்டியிலிருந்து வரவழைக்கிறோம்.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப்போங்கள். வீட்டில் யார் அதிகம் திட்டுகிறாரோ அவரையும் கூட்டிப்போங்கள். உடனே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி. எந்நேரமும் உண்டு, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.